வெளியே குளிர், உள்ளே வியர்வை: சைக்கிளுக்கு எந்த ஜாக்கெட்?

கேள்வி: கோவையிலிருந்து வேலை மாறி லண்டன் வந்திருக்கிறேன். ஈஸ்ட் ஹாமில் வீடு, கேனரி வார்ஃபில் அலுவலகம். ரயில் நெரிசலுக்குப் பயந்து சைக்கிளில் போய் வருகிறேன். அக்டோபர் வரை சிரமம் தெரியவில்லை. இப்போது பஞ்சு வைத்த தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனால் பாதி வழியிலேயே உள்சட்டை நனைந்துவிடுகிறது. அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் நடுக்கம் எடுக்கிறது. இதைவிடக் கதகதப்பான ஜாக்கெட் வாங்க வேண்டுமா? கடையில் 80 பவுண்டிலிருந்து 250 பவுண்டு வரை காட்டுகிறார்கள்.

பதில்: வேண்டாம். உங்கள் ஜாக்கெட்டின் கதகதப்புதான் உங்களை நடுங்க வைக்கிறது.

அலுவலகம் போகிற வேகத்தில் மிதிக்கும்போது பெடலுக்குப் போகிற சக்தி சுமார் 100 வாட் என்று வைத்துக்கொள்வோம். நம் தசைகள் செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ, ஐந்தில் ஒரு பங்கோதான் பெடலைச் சேரும். மீதி 300, 400 வாட் வெறும் சூடாக உடம்பிலிருந்து வெளியேற வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் வெளிவிடுவது 100 வாட் அளவுக்குத்தான். பஞ்சு ஜாக்கெட் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவருக்காகத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் மிதித்தால், சூடு போக வழியில்லாமல் உடம்பு வியர்வையைக் கொட்டுகிறது. மிதிப்பதை நிறுத்தியதும் சூடு உற்பத்தி சட்டென்று குறைந்துவிடும், ஈரம் மட்டும் மேலேயே இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

அப்படியானால் ஜாக்கெட்டின் வேலை என்ன? முன்பக்கம் காற்றைத் தடுப்பது, மற்ற பக்கங்களில் ஆவியை வெளியே விடுவது. 5 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், உடம்புக்கு 1 டிகிரி மாதிரி உறைக்கும். அந்தக் காற்று நெஞ்சிலும் தோளிலும் கையின் முன்புறத்திலும்தான் அடிக்கிறது, முதுகில் இல்லை. அதனால் நல்ல சைக்கிள் ஜாக்கெட்டுகளில் முன்பக்கத்துக்கும் கைகளுக்கும் காற்றுப் புகாத துணி, முதுகுக்கும் அக்குளுக்கும் மெல்லிய பின்னல் துணி என்று இரண்டு வகை வைத்துத் தைத்திருப்பார்கள். கடையில் ‘சாஃப்ட்ஷெல்’ என்று கேளுங்கள். கையில் எடுத்தால் ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். அப்படித் தோன்றினால் சரியான ஜாக்கெட்தான். வீட்டை விட்டுக் கிளம்பி முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் வழியில் இருக்கும் கேனிங் டவுன் போவதற்குள் வேர்த்துவிடும்.

உங்கள் வழியில் இன்னொரு விஷயமும் உண்டு. லண்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். காலையில் நீங்கள் மேற்கே போகிறீர்கள், எதிர்க்காற்று. மாலையில் அதே காற்று முதுகில் தள்ளும். காற்று பின்னாலிருந்து வரும்போது உடம்பைக் குளிர்விக்க எதுவும் இருக்காது. ஆக, காலையில் பொருத்தமாக இருந்த ஜாக்கெட் மாலையில் புழுங்கும். இதற்குத்தான் ஜிப்கள். முன் ஜிப் மேலிருந்தும் கீழிருந்தும் திறப்பதாக, கையுறை போட்ட விரலால் ஓட்டிக்கொண்டே இழுக்கக்கூடியதாக இருக்கட்டும். அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. விலை உயர்ந்த துணியைவிட நாலு நல்ல ஜிப்கள் அதிகம் உதவும் என்பது என் கட்சி.

மழைக்கு வருவோம். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, லண்டனில் 600 சொச்சம். பாதிகூட இல்லை! ஆனால் இங்கே அது தூறலாகப் பல நாட்களுக்குப் பிரிந்து விழுகிறது. உங்கள் தூரத்துக்கு, தினமும் முழு நீர்ப்புகா ஜாக்கெட் போட வேண்டிய அவசியமில்லை. சாஃப்ட்ஷெல் லேசான தூறலைத் தாங்கும். சுருட்டினால் கைக்குள் அடங்குகிற மெல்லிய மழை ஜாக்கெட் ஒன்று பையில் கிடக்கட்டும், கொட்டினால் மேலே போட்டுக்கொள்ளலாம். ஒரே ஜாக்கெட்டில் எல்லாம் வேண்டும் என்று தேடுகிறவர்கள்தான் 250 பவுண்டு கொடுத்துவிட்டு வேர்க்கிறது என்று புலம்புகிறார்கள்.

மழை ஜாக்கெட்டின் சீட்டில் ‘10,000 மி.மீ.’ என்று போட்டிருந்தால், துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று பொருள். உங்களுக்கு அது தாராளம். தையல்களின் உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் ஜாக்கெட்டைப் புரட்டிப் பாருங்கள். பட்டை இல்லையென்றால் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசித் துளை வழியே தண்ணீர் இறங்கும். ஆவி வெளியேறும் அளவுக்கும் ஓர் எண் போட்டிருப்பார்கள். ஆய்வகத்தில் எடுத்த கணக்கு அது. மேம்பாலத்தில் மூச்சு வாங்க மிதிக்கும்போது துணிக்குள் இருக்கும் எந்த நீர்ப்புகா சவ்வாலும் உங்கள் வியர்வைக்கு ஈடு கொடுக்க முடியாது. அங்கேயும் ஜிப்தான் துணை.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நேராக நிற்காதீர்கள். இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பது போல இரண்டு கைகளையும் நீட்டுங்கள். மணிக்கட்டு வெளியே தெரிந்தால் கை நீளம் போதாது. கையுறைக்கும் கைக்கும் நடுவே விழும் அந்த இரண்டு விரற்கடை இடைவெளியில் காற்று ஊசி போல இறங்கும். அடுத்து, கையைப் பின்னால் விட்டு இடுப்பைத் தடவிப் பாருங்கள், சட்டை வெளியே வந்திருக்கக்கூடாது. சைக்கிள் ஜாக்கெட்டின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட நீளமாக வெட்டியிருப்பது இதற்காகத்தான். முன்பக்கம் வயிற்றில் துணி மடிந்து பொங்கினால் அது நடைக்குத் தைத்த ஜாக்கெட். கடைசியாக, வலது தோளுக்கு மேலே திரும்பிப் பின்னால் பாருங்கள். காலர் கழுத்தை இழுக்கக்கூடாது, தலைமூடி இருந்தால் கண்ணை மறைக்கக்கூடாது. போக்குவரத்துக்கு நடுவே ஓட்ட, என்னைக் கேட்டால் தலைமூடியே வேண்டாம்.

உள்ளே பருத்தி பனியன் போடுகிறீர்களா? அதை முதலில் மாற்றுங்கள். பருத்தி ஈரத்தை விடாது. மெரினோ கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்சட்டை ஒன்று போதும். மெரினோ விலை கூட, ஆனால் இரண்டு மூன்று நாள் போட்டாலும் நாற்றம் வராது. முதுகுப்பை மாட்டுகிறவர் என்றால் அதையும் கழற்றி, பின் கேரியரில் தொங்கவிடும் பேனியர் பைக்கு மாறிவிடுங்கள். முதுகில் ஆவி போகிற துணிக்குக் காசு கொடுத்துவிட்டு அதன் மேல் பையை அழுத்தினால் என்ன பயன்?

நிறம்: டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பளிச்சென்ற ஃப்ளோரசன்ட் மஞ்சள் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரால்தான் ஒளிர்கிறது, இரவில் அது வெறும் வெளிர் நிறம். இருட்டில் வேலை செய்வது, கார் விளக்கைத் திருப்பி அடிக்கும் வெள்ளிப் பட்டை. ஜாக்கெட்டில் கையிலும் முதுகிலும் அது இருக்கட்டும். கூடவே கணுக்காலில் ஒரு பட்டை கட்டுங்கள். மேலும் கீழும் அசைகிற பட்டையைப் பார்த்ததும் ‘சைக்கிள் ஓட்டுகிற ஆள்’ என்று ஓட்டுநர்கள் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர் மூன்றும் இரவில் சட்டப்படி கட்டாயம். ஜாக்கெட் இதற்கெல்லாம் மாற்று ஆகாது.

துவைக்கும்போது துணி மென்மையூட்டி ஊற்றாதீர்கள், ஆவி போகிற துணியை அது அடைத்துவிடும். மழை ஜாக்கெட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் ஊற ஆரம்பித்தால் அது கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். மேற்பூச்சு மங்கியிருக்கும், அவ்வளவுதான். அதற்கென்று விற்கும் சோப்பில் அலசி, சீட்டில் அனுமதித்திருந்தால் டிரையரில் மிதமான சூட்டில் காயவையுங்கள், பெரும்பாலும் திரும்ப உருளும். அப்படியும் உருளவில்லை என்றால் மேலே அடிக்கும் ஸ்பிரே கிடைக்கிறது. தண்ணீரை உருட்டும் மேற்பூச்சில் முன்பு சேர்த்துவந்த பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருட்களைக் கைவிட்ட புதிய ஜாக்கெட்டுகளுக்கு இந்தக் கவனிப்பு கொஞ்சம் அடிக்கடி தேவைப்படும்.

விலை? சாஃப்ட்ஷெல்லுக்கு நடுத்தர விலை போதும். மிச்சத்தில் உள்சட்டையும் காற்றுப் புகாத நல்ல கையுறையும் வாங்குங்கள். வாங்கும் முன் உங்கள் மனிதவளப் பிரிவில் ‘சைக்கிள் டு வொர்க்’ திட்டம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 1999-லிருந்து இருக்கும் அரசுத் திட்டம். வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்திலிருந்து தவணையாகக் கழிப்பார்கள். சைக்கிளோடு பாதுகாப்புச் சாதனங்களும் அதில் வரும், ரிஃப்ளெக்டர் உடைகளும் அந்தக் கணக்கில் சேரும். வெள்ளிப் பட்டை உள்ள ஜாக்கெட்டாகப் பார்த்து வைத்துக்கொண்டு, அது செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பணம் கொடுத்து வாங்கிய பிறகு கேட்டால் நடக்காது.