நாட்டின் நடுவே ஒரு மலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

தேசங்களின் எல்லைகளை மலைகளும் ஆறுகளுமே வகுத்தன, அவற்றுக்குள் ஓரினமாக வாழ்ந்தவர்கள் பின்னர் தேசமாகத் திரண்டார்கள் என்று ஒரு நண்பர் வாதிட்டார். ஜப்பானை உதாரணம் காட்டினார். மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் மனம் வரவில்லை. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள வாசகருக்கு,

தீவு வசதியான உதாரணம். உங்கள் நண்பரிடம் ஆப்கானிஸ்தானின் வரைபடத்தைக் கொடுத்துப் பாருங்கள். இந்துகுஷ் மலைத்தொடர் அங்கே, வடகிழக்கு மூலையைத் தவிர்த்தால், எல்லையாக அன்றி நாட்டை வடக்கும் தெற்குமாகப் பிளந்து கிடக்கிறது. இன்று பாகிஸ்தானுடனான எல்லையாக உள்ள கோடோ ஓரினத்தின் நடுவே செல்கிறது. 1893ல் பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலர் மார்ட்டிமர் டூரண்டும் ஆப்கானிஸ்தானின் மன்னரான அமீர் அப்துர் ரஹ்மானும் ஒப்புக்கொண்ட அக்கோட்டின் இருபுறமும் வாழ்பவர்கள் பெரும்பாலும் பஷ்தூன் இனத்தவர். அக்கோடு குறித்த பூசலால்தான் 1947ல் பாகிஸ்தான் ஐ.நா.வில் சேர்வதை எதிர்த்து ஆப்கானிஸ்தான் மட்டும் வாக்களித்தது (சில வாரங்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது வேறு கதை).

வடகிழக்கில் விரல்போல நீண்டிருக்கும் வாக்கான் இன்னும் விசித்திரமானது. ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் நேருக்கு நேர் உரசிக்கொள்ளக் கூடாது என்பதற்காக 1895ல் இடையே விடப்பட்ட துண்டு நிலம் அது. சில இடங்களில் அதன் அகலம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. அங்குள்ள வாக்கி மக்களின் இனத்தார் இன்று தஜிகிஸ்தான், பாகிஸ்தான், சீனா ஆகிய நாடுகளிலும் குடிமக்களாக இருக்கிறார்கள்.

அதற்காக நிலவியல் பொருட்டல்ல என்று சொல்ல மாட்டேன். எல்லையை முடிவு செய்வதைவிட, ஆள்வதற்கு ஆகும் செலவையே மலை முடிவு செய்கிறது. 1964ல் சோவியத் உதவியுடன் இந்துகுஷ் மலையைக் குடைந்து சலாங் சுரங்கப்பாதை திறக்கப்படும்வரை, காபூலிலிருந்து வடக்கே செல்லும் லாரிகள் மேற்கே வெகுதூரம் சுற்றி ஷிபார் கணவாயைக் கடக்க வேண்டியிருந்தது. நடுமலைப் பகுதியில் ஏறக்குறையத் தன்னாட்சியோடு இருந்த ஹசாரா இனத்தவரை அமீர் அப்துர் ரஹ்மான் 1890களின் தொடக்கத்தில்தான் கொடூரமான போரில் அடக்க முடிந்தது. அவர்களின் மேய்ச்சல் நிலங்கள் பஷ்தூன் நாடோடிகளுக்குப் போயின. தன்னை எதிர்த்த கில்சாய் என்ற பஷ்தூன் குலத்தவரையும் அவர் வடக்கே உஸ்பெக், தாஜிக் மக்களிடையே கொண்டுபோய்க் குடியமர்த்தினார். ஆகவே, இனம் அரசை உருவாக்கியது என்று நாம் வாசிக்கும் இன வரைபடத்தில் ஒரு பகுதி அந்த அரசே வரைந்தது.

பெயரும் அப்படித்தான். ‘ஆப்கான்’ என்ற சொல் நெடுங்காலம் பஷ்தூனையே குறித்தது. குடிமக்கள் அனைவருக்கும் அது பொருந்தும் என்று 1964 அரசியல் சாசனம் எழுதிவைத்தது. ஆனாலும் மின்னணு அடையாள அட்டையில் அச்சொல்லை அச்சிடலாமா என்ற சண்டையில் அட்டை பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2018ல்தான் வெளிவந்தது.