மகள் சினிமாவுக்குப் போகப் போகிறாளாம்: உவர்மலைத் தாயாருக்கு ஒரு பதில்

கேள்வி: மகளுக்கு வயது 20. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்தவள், நல்ல பெறுபேறு. கம்பஸ் கிடைக்கும் போல இருக்கிறது. ஆனால் படிக்க மாட்டன், சினிமாவுக்குத்தான் போவன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பள்ளிக்கூட நாடகங்களில் நடித்திருக்கிறாள், போனிலேயே ஒரு குறும்படமும் எடுத்தாள். இப்போது வட்ஸ்அப்பில் ஒருவர், சென்னைப் படமொன்றில் வாய்ப்பு இருக்கிறது, போட்டோ அல்பம் எடுக்க ஒன்றரை இலட்சம் கட்டு, கடவுச்சீட்டுப் பிரதியை அனுப்பு என்கிறார். அனுப்பவா, மறிக்கவா? இந்தத் துறையில் ஒரு பொம்பிளைப் பிள்ளை உழைத்துச் சீவிக்க ஏலுமா?
– திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தாய்

பதில்: காசைக் கட்டாதீர்கள் அம்மா. கடவுச்சீட்டுப் பிரதியும் போகக் கூடாது. நடிகரைத் தேடுகிற படக்குழு நடிகருக்குச் சம்பளம் கொடுக்கும், நடிகரிடம் வாங்காது. தெரிவுக்கு வேண்டியதெல்லாம் பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்த நாலைந்து படங்கள்: முகம் நேராக, இரண்டு பக்கமும், முழு உருவம். கூடவே பெயரும் உயரமும் சொல்லி ஏதாவதொரு பந்தியை இயல்பாகப் பேசுகிற ஒரு நிமிட வீடியோ. மேக்கப் போட்டு எடுத்த அல்பத்தில் இயக்குநர் தேடுகிற முகம் மறைந்துதான் போகும். உண்மையான அழைப்பு என்றால் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், இயக்குநரின் பெயர், இடம், நேரம் எல்லாம் எழுத்தில் வரும். கூட ஒருவர் வருவதற்கும் மறுப்பு இருக்காது. இதில் ஒன்றைக் கேட்டதும் அந்த மனிதர் கோபப்பட்டால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் பிள்ளையை மறிக்கவும் வேண்டாம். உங்கள் பயத்துக்கு அடியில் கிடப்பது, கதாநாயகி ஆனால் உண்டு, ஆகாவிட்டால் வாழ்க்கை போச்சு என்ற கணக்கு. மகளும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அந்தத் துறையில் நிலைத்தவர்களைப் பார்த்தால் கணக்கு வேறு. ஒரே வேலையில் ஏறிப் போனவர்கள் குறைவு. இரண்டு மூன்று வேலை கைவசம் வைத்து, ஒன்று ஓயும்போது மற்றதில் நின்றவர்களே அதிகம்.

ரோகிணியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை நட்சத்திரமாக வந்தவர், பிறகு கதாநாயகி. மனிஷா கொய்ராலாவும் ஐஸ்வர்யா ராயும் தமிழில் பேசி நாம் கேட்டதில் அவருடைய குரலும் இருக்கிறது. பாட்டு எழுதினார், தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார், இன்றும் நடிக்கிறார். பி. ஆர். விஜயலட்சுமி 1985இல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பெண்கள் கமராவைத் தொடாத காலம் அது. பத்து ஆண்டுகள் கழித்து ஒரு படத்தை இயக்கினார், பிறகு தொலைக்காட்சித் தொடர்த் தயாரிப்பில் பொறுப்பான இடத்துக்குப் போனார். மணிரத்னத்திடம் உதவி இயக்குநராக இருந்த சுதா கொங்கராவுக்கு 2010இல் வந்த 'துரோகி' கைகொடுக்கவில்லை. அவர் பெயரை ஊர் அறிந்தது 2016இல், 'இறுதிச்சுற்று' வந்த பிறகு. நடுவில் ஆறு வருடம். விஜய் சேதுபதி துபாயில் கணக்காளராக இருந்தவர். திரும்பி வந்து கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் சேர்ந்ததும் கணக்கு எழுதத்தான். சசிகுமார் உதவி இயக்குநராகத் தொடங்கி, 2008இல் 'சுப்ரமணியபுரம்' எடுத்து, அதிலேயே நடித்து, இன்றைக்கு முதலில் நடிகராகவே அறியப்படுகிறார்.

நம்முடைய ஆட்களின் பாதை இன்னும் வளைந்தது. மட்டக்களப்பின் பாலு மகேந்திரா பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். முதலில் வேலை கொடுத்தது மலையாளம், முதலில் இயக்கியது 1977இல் கன்னடத்தில். தமிழ் அதற்குப் பிறகுதான். எழுத்தாளராக அறியப்பட்ட ஷோபாசக்தி 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற 'தீபன்' படத்தின் நாயகன். 2022இல் நம்மை விட்டுப் போன தர்ஷன் தர்மராஜ் தமிழர். அவருக்குப் பெயர் தந்தது சிங்களத் திரை. இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது காசு கட்டி எடுத்த அல்பம் இல்லை, செய்த வேலை.

இனி மகளுக்கு. திருகோணமலையில் இருந்தபடியே, காசு வருகிற மாதிரி, இந்த வருடமே தொடங்கக்கூடியது வீடியோ எடிட்டிங். கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று ஊரில் கமரா ஓயாமல் வேலை செய்கிறது. பொம்பிளை வெளிக்கிடுகிற அறைக்குள் ஆம்பிளைக் கமராக்காரர் நிற்பதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை; கமரா பிடிக்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அங்கே இடம் காத்திருக்கிறது. கலியாண வீடியோ சினிமா இல்லை என்று மகள் முகம் சுளிக்கலாம். மூன்று மணி நேரத் தாலிகட்டை, ஒருவரையும் திரும்பச் செய்யச் சொல்லாமல், ஐந்து நிமிடமாக வெட்டித் தருகிற கைக்கு எந்த எடிட்டிங் அறையிலும் மதிப்பு உண்டு.

இரண்டாவது, ஒலி. நம் ஊர்க் குறும்படங்களைப் பாருங்கள், படம் அழகாக இருக்கும், பேச்சு கேட்காது. டச்சுக் குடாவில் கச்சான் காற்று வீசும்போது உறை போடாத மைக்கைப் பிடித்தால் 'டப டப' என்ற இரைச்சல் மட்டுந்தான் பதியும். மைக்குக்கு ரோமம் மாதிரியான காற்றுறை போடுவது, பேசுகிறவரின் முதுகைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்துவது, எல்லாரையும் அமைதியாக்கி அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் தனியாகப் பதிந்து வைப்பது: இதை ஒழுங்காகச் செய்கிற ஆள் கிடைக்காமல் இயக்குநர்கள் அலைகிறார்கள். கமரா பிடிக்கிறவன் தெருவுக்கு நாலு பேர்.

மூன்றாவதாக, உதவி இயக்குநர் வேலை. அதில் தொடர்ச்சி பார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. காலையில் எடுத்த காட்சியில் நாயகி கட்டிய கோயில் நூல் வலது மணிக்கட்டில், தேத்தண்ணிக் கோப்பையில் பாதி, முந்தானை இடது தோளில். சாப்பாட்டுக்குப் பிறகு அதே காட்சியின் மிச்சத்தை எடுக்கும்போது நூலும் தேத்தண்ணியும் முந்தானையும் அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் படம்பிடித்து, குறிப்பெழுதி, கமரா ஓடுவதற்கு முன் சரிபார்க்கிற ஆள் சோர்ந்துபோனால் எடிட்டிங்கில் அந்தக் காட்சியே வீண். நடிக்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு நடிகர் ஒரே வசனத்தை ஏழாவது தரம் சொல்லும்போது எதை மாற்றுகிறார் என்பதை மூன்றடி தூரத்தில் நின்று பார்க்கலாம்.

வெளியூர்க் குழுக்கள் இங்கே வரும்போது இடம் ஒழுங்கு செய்கிற வேலையும் உண்டு. பிரெடரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படை. அனுமதிக் கடிதம் இல்லாமல் கமராவோடு போனால் அரை நாள் வாசலிலேயே கழியும். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் வேறு. ஐப்பசியிலிருந்து தை வரை மழை. இதெல்லாம் தெரிந்த உள்ளூர் ஆளைக் குழுக்கள் தேடும். கொழும்பில் சந்திரன் இரத்தினம் ஹொலிவூட் படங்களுக்கு இப்படித் தயாரிப்புச் சேவை செய்தவர்தான். பென் கிங்ஸ்லியை வைத்துப் படம் இயக்கும் அளவுக்கு வந்தார்.

மகள் நடிப்பை விட வேண்டியதில்லை. உள்ளூர்க் குறும்படங்களில் நடிக்கட்டும், அதே ஆட்களுக்கு எடிட் செய்து கொடுக்கட்டும். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா போன்ற இடங்களுக்குப் படத்தை அனுப்பட்டும். கூலியை முதலே பேசி, செய்தியிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கூலி இல்லாத வேலை என்றால் பெயர்ப் பட்டியலில் தன் பெயர் என்ன பொறுப்பில் வரும் என்பதாவது எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்த வேலையைக் கொண்டுவருவது அந்தப் பெயர்தான்.

சிங்களம் படிக்கச் சொல்லுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். இந்த நாட்டில் படப்பிடிப்புத் தளங்களில் பெரும்பகுதி சிங்களம் பேசுகிறது. தமிழும் சிங்களமும் தெரிந்த உதவி இயக்குநரும், வசன மொழிபெயர்ப்பாளரும், நடிகரும் மிகக் குறைவு. சென்னைக்கும் நம் பேச்சு தேவைப்படுகிறது; 2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' முழுக்க ஓர் இலங்கைக் குடும்பத்தின் கதை. நம் பேச்சை நடிகருக்குச் சொல்லிக் கொடுப்பதும், அதற்குக் குரல் கொடுப்பதும் தனி வேலைகள். மகள் வீட்டில் பேசுகிற தமிழை மாற்றிச் சென்னைத் தமிழ் பேசப் பழக வேண்டாம். இரண்டும் பேச வரட்டும்.

கம்பஸ் விசயத்தில் நான் உங்கள் பக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை இருக்கிறது. கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கலாம். உயர்தரத்தில் எடுத்த பாடத்துக்கு அது நேரான தொடர்ச்சி. நாடகத்தில் பட்டம் இருந்தால் ஆசிரியத் தொழிலுக்கும் கதவு திறக்கும், படம் இல்லாத மாதங்களில் வீட்டு அடுப்பு எரியும்.

சென்னைக்குப் போகிற நாள் வரலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை செய்ய முடியாது, பிடிபட்டால் அடுத்த விசாவுக்கும் அடி. தொழில்நுட்ப வேலைகளுக்கு அங்கே தொழிற்சங்க உறுப்புரிமையும் கேட்பார்கள். படிக்கப் போவதுதான் சுத்தமான வழி. பூனா கல்லூரியின் பட்டப்பின் படிப்புகளுக்கு ஏதாவதொரு பட்டம் முடித்திருக்க வேண்டும். ஆகவே பட்டத்தின் இறுதி ஆண்டு தொடங்கும்போதே பூனாவுக்கான விண்ணப்ப அறிவிப்பையும், கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம் இலங்கை மாணவர்களுக்கு அறிவிக்கிற புலமைப்பரிசில்களையும் பார்த்துவரச் சொல்லுங்கள்.