புனைபெயரும் வடகமும்

அன்புள்ள ஐயா,

நான் தபால் நிலையத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். வயது 29. மூன்று ஆண்டுகளாகக் கதை எழுதுகிறேன். ஆறு கதைகள் தேறும். ஒன்றையும் யாருக்கும் காட்டியதில்லை. இப்போது இணையத்தில் போடலாம் என்று நினைத்தால், பெயரில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

என் சொந்தப் பெயர் பள்ளியில் ஒரே வகுப்பில் நான்கு பேருக்கு இருந்தது. இனிஷியல் சேர்த்தால் அப்பாவுடையதா கணவருடையதா என்று வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். தோழி ஒருத்தி யாழிசை, மகிழினி என்று ஒரு பட்டியலே அனுப்பினாள். தேடிப் பார்த்தால் எல்லாப் பெயரிலும் ஏற்கெனவே யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எண்கணிதம் பார்க்கும் சித்தப்பா, "என்ன பேர் வேணாலும் வை, கூட்டுத்தொகை அஞ்சு வரணும்" என்கிறார். இரண்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. பெயரைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. இத்துடன் அனுப்பியிருக்கும் கதையில் வரும் மாமியார் என் அத்தை இல்லை. ஆனால் மொட்டைமாடியில் காயும் வடகத்தைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எண்ணுகிறவர் அவர்தான். அவரும் போனில் எல்லாக் கதையும் படிப்பவர்.

என்ன பெயர் வைத்துக்கொள்ளலாம்? கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

தபால் நிலையம் என்றதும் எனக்கு என் முதல் புனைபெயர் ஞாபகம் வந்துவிட்டது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் நான் 'தீச்சுடரோன்'. சிரிக்க வேண்டாம், அந்த வயதில் எல்லோரும் ஏதாவது ஒரு தீயாகத்தான் இருந்தோம். ஒரு வார இதழில் ஒருபக்கக் கதை வந்து 75 ரூபாய் மணியார்டர் அனுப்பினார்கள். தபால்காரர் தெருவில் வந்து, "தீச்சுடரோன்னு யாராச்சும் குடி வந்திருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அப்பா, "இந்தத் தெருவுல அப்படி யாரும் கிடையாது, கட்சி ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்து நான் ஓடுவதற்குள் பணம் திரும்பிப் போயிருந்தது. கவுன்டரில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார்: "காலேஜ் அடையாள அட்டையில இந்தப் பேர் இருக்கா தம்பி?" அதோடு தீச்சுடரோன் அணைந்தார். அன்றிலிருந்து அப்பா வைத்த பெயர்தான்.

ஆகவே புனைபெயர் விஷயத்தில் நான் தோற்றவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. நாலு பேரிலிருந்து தனித்துத் தெரிய ஒரு பெயர் வேண்டும் என்பது ஒன்று. வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் இருக்க ஒரு பெயர் வேண்டும் என்பது மற்றொன்று. கடிதம் முழுக்க முதலாவதைப் பேசிவிட்டு, 'இன்னொன்று' என்று கடைசியில் அத்தையைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். இரண்டு மாதம் உங்களை எழுதவிடாமல் செய்தது யாழிசையும் மகிழினியும் அல்ல என்று நினைக்கிறேன்.

முதல் கேள்வி எளிது. அதற்கு நம் ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பதில் கண்டிருக்கிறார்கள், பெரும்பாலும் அதிகம் யோசிக்காமலே. எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார், சுஜாதா ஆனார். எஸ். மணிக்கு 'மௌனி' என்று பெயர் வைத்தவர் அவரை எழுதத் தூண்டிய பி.எஸ். ராமையா. முத்தையா வேலை கேட்டுப் போன பத்திரிகை அலுவலகத்தில், புனைபெயர் உண்டா என்று கேட்டவுடன் வாயில் வந்தது கண்ணதாசன். இரண்டு மாதம் எங்கே, இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பக்தியால் வந்த பெயர்கள் தனி வம்சம். பாரதியே கொஞ்ச காலம் ஷெல்லிதாசன். பிறகு கனக சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். பாரதிதாசனைக் குருவாகக் கொண்ட ராஜகோபாலன், அவருடைய புனைபெயரை விட்டுவிட்டு இயற்பெயரைப் பிடித்துக்கொண்டு சுப்புரத்தினதாசன் ஆனார். அது நீளம் என்று சுருக்கியதுதான் சுரதா. யாருக்காவது தாசியாக இருக்கும் உத்தேசம் உங்களுக்கு இருக்காது என்று நம்பி மேலே போகிறேன்.

சித்தப்பாவின் ஐந்துக்கு ஒரே ஓர் ஆளை மட்டும் சொல்கிறேன். திருகோணமலையில் 1939-ல் பிறந்த தருமு சிவராம் எண்கணிதத்தில் தீராத ஈடுபாடு கொண்டவர். பிரமிள், பிரேமிள், அஜித்ராம் பிரேமிள், தருமு அரூப் சிவராம் என்று பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார். கவிதைகள் எந்தப் பெயரிலும் ஒரே உயரத்தில்தான் இருந்தன. அவதிப்பட்டவர்கள் நூலகத்தில் அட்டவணை போட்டவர்கள். சித்தப்பாவிடம் கூட்டுத்தொகை ஐந்துதான் என்று சொல்லிவிடுங்கள், அவர் சரிபார்க்கமாட்டார்.

எனக்குத் தெரிந்த நல்ல சோதனை உங்கள் கவுன்டரிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் நிற்பவர் ஒரே ஒரு முறை வாயால் சொன்னால், ஸ்பீட் போஸ்ட் ரசீதில் நீங்கள் திருப்பிக் கேட்காமல் அடித்துவிடக்கூடிய பெயராக இருக்க வேண்டும். யாழிசை அங்கே தேறாது. அந்த ழகரத்தை ஆங்கிலத்தில் ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதுவார்கள். தேடுகிறவர் ஆறாவது விதமாகத் தேடுவார். இணையத்தில் எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. இனிஷியல் வேண்டவே வேண்டாம். லா.ச.ரா., க.நா.சு. காலத்தில் இனிஷியலே பெயராகிவிட்டது, அது ஓர் அழகு. உங்கள் வீட்டிலோ அது ஒரு பஞ்சாயத்து.

பாட்டியின் பெயர் என்ன? அப்பாவின் அம்மாவோ, அம்மாவின் அம்மாவோ. பொன்னுத்தாய், அலமேலு, இருளாயி, சீதாலட்சுமி என்று ஏதோ ஒன்று இருக்கும். எல்லோரும் சங்க இலக்கியத்திலிருந்து இனி, இசை, நிலா என்று எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பெயர்களெல்லாம் அநேகமாக ரேஷன் கார்டோடு நின்றுவிட்டன. குடும்பத்திலிருந்து எடுத்ததால்தான் சுஜாதா என்ற பெயர் எதையும் அறிவிக்காமல் இருந்தது. புனைபெயர் எதையாவது அறிவிக்க ஆரம்பித்தால் எழுதுகிறவர் அதற்கு உழைக்க வேண்டியிருக்கும். தீச்சுடரோன் என்று பெயர் வைத்துக்கொண்டு மழைநாளில் பூனைக்குட்டி பற்றி ஒரு கதை எழுத முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சங்க இலக்கியம் என்றதும் ஒன்று சொல்ல ஆசை. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களை எழுதியவர் யாரென்றே தெரியவில்லை. அவர்கள் செய்த காரியம் எனக்கு இன்றும் வியப்பு. பாட்டுக்குள்ளிருந்தே ஒரு சொல்லை எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொன்னவர் செம்புலப்பெயனீரார். ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். யானை விட்டதும் விர்ரென்று மேலே போகும் மூங்கிலை, மீன் பிடித்ததும் தூக்கும் தூண்டிலோடு ஒப்பிட்டவர் மீனெறி தூண்டிலார். விலக்கிவிட ஆளில்லாமல் தாமே சண்டை போட்டு ஓயும் குப்பைக்கோழிகளைச் சொன்னவர் பாவம், குப்பைக் கோழியார் என்றே நின்றுவிட்டார். பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஒருவரும் பட்டியல் போட்டுத் தேடவில்லை, கூட்டிப் பார்க்கவில்லை.

உங்கள் கதையைப் பெயரே இல்லாமல் அவர்கள் கையில் கொடுத்திருந்தால் என்ன வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, வடகமெண்ணியார்.

அங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. அத்தை உங்களைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கப்போவதில்லை. வடகத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். நீங்கள் அலமேலு என்று எழுதினாலும் அமுதவல்லி என்று எழுதினாலும், மாலையில் மாடிப்படி ஏறும்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து எண்ணும் அந்தப் பெண்ணைப் படித்த மறுகணம் அவர் போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். நெருங்கியவர்களிடமிருந்து புனைபெயர் காப்பாற்றுவது மிகக் கொஞ்சம். அந்நியர்களிடமிருந்து காப்பாற்றும். அதுவும் நீங்கள் ஒழுங்காக இருந்தால்தான். புனைபெயரில் எழுதிவிட்டு, வாசகருக்குப் பதில் போடும் மின்னஞ்சலில் நிஜப்பெயர் தெரியும்படி விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜிபே எண்ணைக் கொடுத்தாலும் அதே கதைதான். எழுத்துக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள்.

மறைத்தே ஆக வேண்டியவர்களும் இருக்கிறார்கள், அதை நான் லேசாகப் பேசமாட்டேன். துவரங்குறிச்சியில் வீட்டை விட்டு வெளியே விடப்படாத பெண் வீட்டுக்குத் தெரியாமல் எழுதுவதற்கென்று வைத்துக்கொண்ட பெயர்தான் சல்மா. பின்னால் அரசியலுக்கு வந்தபோதும் அதே பெயர்தான் கூட வந்தது. உங்கள் நிலைமை அதுவா, அல்லது ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஒரு சங்கடம், அவ்வளவுதானா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கடிதத்தின் தொனியைப் பார்த்தால் இரண்டாவது என்று படுகிறது.

ஒருவரே இரண்டு பெயர் வைத்துக்கொள்வதும் உண்டு. வண்ணதாசன் கவிதைக்குக் கல்யாண்ஜி. சுந்தர ராமசாமி கவிதைக்குப் பசுவய்யா. 'திருவரங்கன் உலா' எழுதிய ஸ்ரீவேணுகோபாலன்தான் புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் வேறு மாதிரிக் கதைகளையும் எழுதினார் என்பது, முதலாவதை மட்டும் பூஜையறையில் வைத்துப் படித்த என் பெரியம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. ஆறு கதை வைத்திருக்கும் உங்களுக்கு இப்போது ஒரு பெயர் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மத்திய அரசு ஊழியர் என்பதால். 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15-ஆவது விதி, அலுவலக வேலை கெடாதவரை அவ்வப்போது இலக்கியம், கலை சார்ந்த வேலை செய்ய முன்அனுமதி கேட்கவில்லை. கதை எழுதத் தடையில்லை. ஆனால் 9-ஆவது விதி, அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ விமர்சித்து வெளியிடக் கூடாது என்கிறது. சொந்தப் பெயரில் மட்டுமல்ல, பெயரில்லாமலும், புனைபெயரிலும், வேறொருவர் பெயரிலும் கூடாது என்று சேர்த்தே சொல்கிறது. அதை எழுதியவர்கள் நம் பத்திரிகைகளைப் படித்தவர்கள் போலிருக்கிறது. அலுவலகத்தைப் பற்றிக் காட்டமாகக் கட்டுரை எழுதிவிட்டு, புனைபெயர் இருக்கிறது என்று தூங்கப் போகாதீர்கள்.

உரிமை பற்றிப் பயப்பட வேண்டாம். புனைபெயரில் எழுதினாலும் கதை உங்களுடையதுதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி, எழுதியவர் யாரென்று வெளிப்படாத எழுத்துக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. அந்தக் கெடுவுக்குள் யாரென்று வெளிப்பட்டுவிட்டால் எல்லோரையும் போல ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டும். கிண்டிலில் போடும்போது ஆசிரியர் பெயராகப் புனைபெயரைக் கொடுக்கலாம், ஆனால் கணக்கும் வங்கியும் பான் எண்ணும் நிஜப்பெயரில்தான் இருக்க வேண்டும். பதிப்பாளரோடு ஒப்பந்தம் போட்டால் இரண்டு பெயரும் அதில் இருக்கட்டும். எழுபத்தைந்து ரூபாய் போனவன் சொல்கிறேன்.

கதையைப் பற்றி. முதல் இரண்டு பக்கம் தேவையில்லை, மொட்டைமாடியிலிருந்தே தொடங்கலாம். கடைசிப் பத்தியில் அந்த அம்மா மனம் மாறி மருமகளைக் கட்டிக்கொள்கிறாரே, அது அத்தை படிப்பார் என்ற பயத்தில் எழுதியது. எடுத்துவிடுங்கள். வடகத்தின் எண்ணிக்கை ஓர் இடத்தில் 112 என்றும் இன்னோர் இடத்தில் 121 என்றும் இருக்கிறது. தட்டச்சுப் பிழையா, அல்லது அந்த வீட்டில் யாரோ எடுக்கவில்லை, வைக்கிறார்களா என்று நான் வெகுநேரம் யோசித்தேன். பிழைதான் என்றாலும் திருத்தாதீர்கள், அந்த ஒன்பது வடகத்தைப் பின்தொடர்ந்து போங்கள். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், கீழே என்ன பெயர் இருந்தாலும் படிக்கிறேன்.

அன்புடன்.