இங்கிலாந்திலிருந்து டெக்சாஸ் போகும் குடும்பம் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

கேள்வி: நாங்கள் பதினோரு வருடமாக இங்கிலாந்தில் ரெடிங் நகரில் இருக்கிறோம். சமீபத்தில்தான் ஐ.எல்.ஆர். (காலவரம்பில்லாமல் பிரிட்டனில் வாழும் அனுமதி) கிடைத்தது. இப்போது கணவருக்கு, கம்பெனிக்குள் இடம் மாறுகிறவர்களுக்கான எல்-1 விசாவில் டெக்சாஸுக்கு மாற்றல். ஆகஸ்ட் தொடக்கத்தில் டாலஸ் பக்கம் போய்ச் சேர வேண்டும். "இரண்டும் இங்கிலீஷ் பேசும் நாடுதானே, பெரிதாக என்ன மாறிவிடப் போகிறது" என்கிறார் அவர். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. மகள் இங்கேயே பிறந்தவள், இயர் 5 முடிக்கிறாள். அவளுக்கு அவ்வப்போது வீசிங் வரும், நீல இன்ஹேலர் கையில் இருக்கும். டாக்டர், பள்ளி, கார், கடை என்று அன்றாட வாழ்க்கையில் எதையெல்லாம் புதிதாகப் பழக வேண்டும்? மிக்ஸி, கிரைண்டரைக் கொண்டுபோகலாமா?

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. மதுரையிலிருந்து நேராக அமெரிக்கா போகிறவர்கள் எல்லாமே புதிது என்ற எச்சரிக்கையோடு போய் இறங்குவார்கள். இங்கிலாந்திலிருந்து போகிறவர்கள்தான் எல்லாம் தெரிந்ததுதானே என்று முதல் சில வாரங்களைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். அந்த வாரங்களில் தவறவிடும் கெடு தேதிகள் பின்னால் பெரிய செலவாக வந்து நிற்கும்.

பிரிட்டனில் நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் பல காரியங்கள் தாமாக நடந்துகொண்டிருக்கும். வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். அலுவலகமே பென்ஷனில் சேர்த்துவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜி.பி.யிடம் (பொது மருத்துவரிடம்) பதிந்துவிட்டால் வைத்தியக் கவலை இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொன்றையும் நீங்களே கேட்டு, ஒப்பிட்டு, குறித்த நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் விட்டால் யாரும் கூப்பிட்டு நினைவுபடுத்த மாட்டார்கள். கீழே சொல்வது முக்கால்வாசி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

மகளுக்கு வீசிங் இருப்பதால் மருத்துவத்திலிருந்தே தொடங்குகிறேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, பெரும்பாலான கம்பெனிகளில் 30 நாளுக்குள், கணவர் ஹெல்த் இன்ஷூரன்ஸ் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து மனைவி, மகள் பெயரையும் சேர்க்க வேண்டும். தவறினால் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை வரும் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். திட்டங்களை ஒப்பிடும்போது எல்லோரும் பார்ப்பது சம்பளத்தில் பிடிக்கும் பிரீமியத்தை. அதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்கள் திட்டத்தில் டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நீங்களே கட்டவேண்டிய தொகை) 2,000 டாலர், அதற்கு மேல் உங்கள் பங்கு 20 சதவீதம், ஓர் ஆண்டில் நீங்கள் கட்டவேண்டியதன் உச்சவரம்பு 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி பில் 10,000 டாலர் வந்தால் முதல் 2,000 முழுக்க உங்களுடையது. மீதி 8,000-இல் 20 சதவீதம் 1,600. ஆக 3,600 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். பிரீமியம் இதில் சேராது. எனவே அடிக்கடி டாக்டரிடம் போகும் குழந்தை இருக்கும் வீட்டில், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் டிடக்டிபிள் குறைந்த திட்டமே நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது எங்கே போவது என்பது. அமெரிக்காவில் நீங்கள் பார்க்கும் டாக்டர் உங்கள் இன்ஷூரன்ஸின் நெட்வொர்க்கில், அதாவது அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில், இருக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் போனில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். போன மாதம் இருந்தவர் இந்த மாதம் இல்லாமல் போகலாம். போய் இறங்கிய முதல் வாரத்திலேயே மகளுக்கு ஒரு பீடியாட்ரிஷியனை (குழந்தை நல மருத்துவரை) பிடித்துவிடுங்கள். சின்ன காய்ச்சல், லேசான வீசிங் என்றால் அவர். மாலையில், வார இறுதியில் என்றால் அர்ஜென்ட் கேர், அதாவது உயிருக்கு ஆபத்தில்லாத அவசரங்களைப் பார்க்கும் கிளினிக். டெக்சாஸில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். கடைவீதிகளில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே எமர்ஜென்சி என்ற பலகையோடு தனித்து நிற்கும் சிறிய கட்டடங்கள் நிறைய. பார்க்க அர்ஜென்ட் கேர் போலவே இருக்கும், ஆனால் பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்கு நிகரான கட்டணம் வாங்குவார்கள். உள்ளே போகும் முன் பலகையை நன்றாகப் படியுங்கள்.

மகளால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், பணத்தை நினைக்காமல் 911-ஐ அழையுங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இன்ஷூரன்ஸ் இருக்கிறதோ இல்லையோ, எமர்ஜென்சிக்கு வருபவரைப் பரிசோதித்து அபாய கட்டத்தைத் தாண்டவைப்பது ஆஸ்பத்திரியின் கடமை. நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போக நேர்ந்தால் கூடுதல் பில் போடுவதை 2022 முதல் இன்னொரு சட்டம் தடுக்கிறது. ஆனால் சாலை வழி ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து பில் போலவே ஒரு தாள் வரும். அது கணக்கு விளக்கம் மட்டுமே, பணம் கட்டாதீர்கள். ஆஸ்பத்திரியின் பில் தனியாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, தொகை பொருந்தாவிட்டால் போன் செய்து செலவு விவரம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தவணையில் கட்டவும் பேசலாம். அங்கே இப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மருந்துப் பெயர்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் அங்கே அல்புட்டெரால். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், டைலனால் என்று விற்கும். சளி, இருமலுக்குக் கடையில் கிடைக்கும் பல கூட்டு மருந்துகளில் இதுவும் கலந்திருக்கும். அது தெரியாமல் காய்ச்சலுக்கு டைலனாலும் சளிக்கு இன்னொன்றும் கொடுத்தால் அளவு மீறிக் கல்லீரலைப் பாதிக்கும். தெர்மாமீட்டரில் 38 டிகிரி என்று பார்த்துப் பழகியிருப்பீர்கள். அங்கே அது 100.4. கிளம்பும் முன் ஜி.பி.யிடம் மகளின் மருத்துவக் குறிப்பு முழுவதையும் அச்செடுத்து வாங்குங்கள், ஒன்றிரண்டு இன்ஹேலரும் கூடுதலாகக் கேளுங்கள். இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு மருந்து இலவசம். அங்கே ஒவ்வொரு முறையும் ஏதாவது கட்ட வேண்டிவரும்.

பள்ளிக்கு நீங்கள் இன்றே செய்யவேண்டிய வேலை தடுப்பூசி. உங்கள் மகள் வயதுக் குழந்தைகளுக்கு இங்கிலாந்தின் வழக்கமான அட்டவணையில் சின்னம்மைத் தடுப்பூசி கிடையாது. ஹெபடைட்டிஸ் பி ஊசியும் 2017 ஆகஸ்ட் முதல் பிறந்தவர்களுக்குத்தான் அதில் வந்தது. ஹெபடைட்டிஸ் ஏ ஊசியும் அதில் இல்லை. டெக்சாஸ் பள்ளிகள் இந்த மூன்றையுமே கேட்கும். தவணைகளுக்கு இடையே வாரக்கணக்கில், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் இடைவெளி விட வேண்டும் என்பதால் முதல் தவணையை ரெடிங்கிலேயே தனியார் கிளினிக்கில் போட்டுவிடுங்கள். சின்னம்மை ஏற்கெனவே வந்து போயிருந்தால் ஜி.பி.யிடம் எழுதி வாங்குங்கள்.

வகுப்புக் கணக்கு எளிது: இயரில் ஒன்றைக் கழித்தால் கிரேடு. இயர் 5 முடித்தவள் அடுத்து இயர் 6-க்குப் போகவேண்டும், அதனால் அங்கே ஐந்தாம் கிரேடு. ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளி திறந்துவிடும், எனவே அவளுக்குக் கோடை விடுமுறை சுருங்கும். எந்தப் பள்ளி என்பதை வீட்டு முகவரிதான் தீர்மானிக்கும், ஆகவே பள்ளியைப் பார்த்துவிட்டு வீடு தேடுங்கள். இன்ஹேலரைத் தானே வைத்துக்கொள்ள டாக்டர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். காலையில் எல்லோரும் எழுந்து நின்று அமெரிக்கக் கொடிக்கும் டெக்சாஸ் கொடிக்கும் உறுதிமொழி சொல்வார்கள். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலக்கு வாங்கலாம்.

இன்னொன்றையும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் என்ன செய்வது என்று பள்ளியில் ஒத்திகை நடக்கும். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சத்தமில்லாமல் உட்காரச் சொல்வார்கள். முதல்முறை திடீரென்று பார்த்தால் குழந்தை மிரண்டுபோகும். அதேபோல் தோழி வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று அந்தப் பெற்றோரிடம் கேளுங்கள். நாசூக்காக இருந்துவிட வேண்டிய இடம் இதுவல்ல. அங்குள்ள குழந்தை நல மருத்துவர்களும் கேட்கத்தான் சொல்கிறார்கள்.

உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று எழுதவில்லை. தெரியாவிட்டால் இப்போதே கற்கத் தொடங்குங்கள். ரெடிங்கில் ரயிலையும் பஸ்ஸையும் நம்பி வாழலாம், டாலஸ் புறநகரில் பால் வாங்கவும் கார் வேண்டும். பிரிட்டிஷ் லைசென்ஸை டெக்சாஸில் நேராக மாற்றித் தரமாட்டார்கள். குடிவந்த 90 நாளுக்குள் டி.பி.எஸ். (டெக்சாஸில் லைசென்ஸ் தரும் துறை) அலுவலகத்தில் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதித்தான் வாங்க வேண்டும். அந்த அட்டைதான் அங்கே எல்லா இடத்திலும் அடையாளச் சான்று. வலப்பக்கம் ஓட்டுவது கொஞ்ச நாளில் கைவந்துவிடும். நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை நிற்கும் சந்திப்புதான் குழப்பும்: முழுதாக நிறுத்திவிட்டு, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும், சேர்ந்து வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு முன்னுரிமை. சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம், கூடாது என்று பலகை இருந்தாலொழிய. மஞ்சள் பள்ளி பஸ் சிவப்பு விளக்கு மின்ன நின்றால் எதிர்த்திசையில் வருகிறவர்களும் நிற்க வேண்டும், நடுவில் தடுப்பு இருந்தால் மட்டும் எதிர்த்திசைக்கு விலக்கு. மீறினால் அபராதம் 500 டாலரில் தொடங்கும்.

போலீஸ் பின்னால் விளக்குப் போட்டால் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். இங்கிலாந்தில் இறங்கிப் போய்ப் பேசினாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அங்கே இறங்கவே கூடாது. தாள்களை எடுக்க டாஷ்போர்டைத் திறக்கும் முன்னும் சொல்லிவிட்டுத்தான் கையை நகர்த்த வேண்டும். அங்குள்ள காவலர் எல்லோரிடமும் துப்பாக்கி உண்டு, எதிரில் இருப்பவரிடமும் இருக்கலாம் என்று நினைத்துத்தான் வருகிறார்கள்.

பண விஷயத்தில், விலைச்சீட்டில் இருப்பது நீங்கள் கட்டும் தொகை அல்ல. டாலஸ் பக்கம் விற்பனை வரி 8.25 சதவீதம் வரை பில்லில் சேரும், சமைக்காத பெரும்பாலான மளிகைப் பொருள்களுக்கு அந்த வரி கிடையாது. ஹோட்டலில் மூன்று பேர் 60 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 4.95, டிப்ஸ் 18 சதவீதம் என்றால் 10.80, மொத்தம் 75.75 டாலர். இங்கிலாந்தில் பல ஹோட்டல்களில் பில்லிலேயே 12.5 சதவீதம் போல சேவைக் கட்டணம் போட்டிருப்பார்கள், பிடிக்காவிட்டால் எடுக்கச் சொல்லலாம். டெக்சாஸில் பரிமாறுகிறவருக்கு முதலாளி கொடுக்கவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். மீதி வருமானம் உங்கள் டிப்ஸ். அதைக் குறைப்பது அவர் கூலியில் கைவைப்பது, தயவுசெய்து குறைக்காதீர்கள். கவுன்டரில் காபி வாங்கும்போது திரையில் டிப்ஸ் கேட்டால் அது உங்கள் இஷ்டம்.

இங்கிலாந்தில் இத்தனை வருடம் சேர்த்த கடன் நம்பிக்கை (கிரெடிட் ஹிஸ்டரி) அங்கே செல்லாது, பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் வந்ததும் முன்பணம் கட்டி வாங்கும் கிரெடிட் கார்டு ஒன்று எடுத்து, மாதாமாதம் முழுதாகக் கட்டிவாருங்கள். உங்கள் ஐ-94 பதிவில் (நாட்டுக்குள் நுழையும்போது செய்யும் வருகைப் பதிவு) எல்-2எஸ், அதாவது எல்-1 விசாக்காரரின் துணைவர், என்று இருந்தால் நீங்களும் தனி அனுமதி இல்லாமலே வேலைக்குப் போகலாம். ஏப்ரல் 15-க்குள் வரிக்கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இங்கிலாந்து, இந்திய வங்கிக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். ஐ.எஸ்.ஏ. (பிரிட்டனின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) வைத்திருந்தால் அதற்கு அங்கே வரிவிலக்கு இல்லை, கிளம்பும் முன் இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரைப் பாருங்கள்.

கணவருக்கு இரண்டு சொல். பிரிட்டனில் சட்டப்படி 28 நாள் சம்பள விடுப்பு உண்டு. அமெரிக்க மத்திய சட்டத்தில் ஒருநாள்கூட இல்லை, ஆகவே எத்தனை நாள் என்பதை ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடும் முன் பேசிவிட வேண்டும். வேலை போனால் விசாவில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம், இன்ஷூரன்ஸும் வேலையோடு போகும். செய்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிட்டு இருப்பது ஆங்கிலேய அலுவலகத்தில் நல்ல பெயர் வாங்கித் தரும். அங்கே தான் செய்ததைத் தானே எழுதிச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

அக்கம்பக்கம் உங்களுக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். லிஃப்டில் முன்பின் தெரியாதவர் பேச்சுக் கொடுப்பார். எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பவர்களும் உண்டு, இன்ன கோயிலுக்கு என்று சொன்னால் ஆர்வமாகக் கேட்டுக்கொள்வார்கள். அந்த நட்பை வேஷம் என்று நினைத்து ஒதுங்காதீர்கள்.

மிக்ஸி, கிரைண்டர் வேண்டாம். இங்கிலாந்தின் மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது, மோட்டாருக்கு அது ஒத்துவராமல் போகலாம். பிரீத்தி, அல்ட்ரா போன்ற நம் கம்பெனிகளே 110 வோல்ட் மாடல் விற்கின்றன, அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். போன், லேப்டாப் சார்ஜருக்கு பின் மாற்றும் அடாப்டர் மட்டும் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் ஐ.எல்.ஆர். காலாவதியாகும். ஆனால் உங்கள் மகள் பிரிட்டனில் பிறந்தவள், பெற்றோருக்கு ஐ.எல்.ஆர். கிடைத்துவிட்டால் 18 வயதுக்குள் அவளை பிரிட்டிஷ் குடிமகளாகப் பதியும் உரிமை உண்டு. உங்கள் ஐ.எல்.ஆர். உயிரோடு இருக்கும்போதே, கிளம்பும் முன்பே, அதை முடிப்பது நல்லது. பதிந்தால் அவளுடைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், பிறகு ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) எடுக்கலாம், அமெரிக்க விசாவும் புதிய பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். எனவே விசா தேதி முடிவாகும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசி, எது முதலில் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.