எந்த ‘பி’?

கேள்வி: கடைக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு வங்கியின் ஐஎஃப்எஸ்சி கோடை போனில் சொல்ல வேண்டியிருக்கிறது. எவ்வளவு நிறுத்திச் சொன்னாலும் தப்பாக எழுதிக்கொள்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: கோளாறு உங்கள் உச்சரிப்பில் இல்லை. ஆங்கிலத்தின் 2ஆம் எழுத்தையும் 16ஆம் எழுத்தையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டுமே ‘பி’தான். 4ஆம் எழுத்தும் 20ஆம் எழுத்தும் ‘டி’. நம் எழுத்தில் இல்லாத வேறுபாட்டைப் போனில் காது மட்டும் பிடிக்க வேண்டும். அதோடு, சாதாரண போன் லைன் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ‘எஸ்’, ‘எஃப்’ இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் வழியிலேயே அறுந்துவிடுகிறது.

ஸ்டேட் வங்கிக் கோடின் தொடக்கத்தையே பாருங்கள்: எஸ், பி, ஐ, என். நான்கில் மூன்று ஏமாற்றும் எழுத்துகள் (‘என்’னும் ‘எம்’ போலக் கேட்கும்). விமானிகள் 1956 முதல் உலகெங்கும் சொல்லும், பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களும் சொல்லும் சொற்களையே நீங்களும் சொல்லுங்கள்: “எஸ், சியரா. பி, பிராவோ. ஐ, இந்தியா. என், நவம்பர்.” எழுத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் சொல்லைச் சொல்ல வேண்டும். வெறும் ‘சியரா’ என்றால் பழக்கமில்லாதவர் அதையே முழுசாக எழுதிவிடுவார். இன்னொரு ‘பி’க்குப் பாப்பா. அதில் ‘ப்ப’ இரட்டிப்பதால் நம் வாயில் மெலிந்துபோகவே போகாது, நமக்கென்றே அமைந்த சொல். மற்றபடி 4ஆம் எழுத்துக்கு டெல்டா, 20ஆம் எழுத்துக்கு டேங்கோ, ‘எம்’முக்கு மைக், ‘எஃப்’புக்கு ஃபாக்ஸ்ட்ராட், இந்த நான்கையும் மனப்பாடம் செய்தாலே பெரும்பாலான குழப்பம் தீரும்.

ஐஎஃப்எஸ்சி கோடில் மொத்தம் 11 இடங்கள். ஐந்தாவது எப்போதும் ஜீரோ, ‘ஓ’ என்று சொல்லிவிடாதீர்கள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். டபுள், ட்ரிபிள் வேண்டாம். ஃபைவும் நைனும் ஒரே ‘ஐ’ ஒலியில் ஓடுவதால்தான் விமானிகள் ‘நைனர்’ என்கிறார்கள். நீங்கள் தமிழிலேயே ஐந்து, ஒன்பது என்று சொல்லிவிடலாம். கணக்கு எண்ணில் இன்னும் கவனம் தேவை, பணம் போய்ச் சேர்வது அதை வைத்துத்தான். சொல்லி முடித்ததும் அவரைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களே மறுபடி படித்தால் அவர் எழுதியது தெரியாது.

கேள்வி: நம் ஊர்ப் பெயர்களை வைத்தே சொல்லக் கூடாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சொல்லலாம். மதுரை, நெல்லூர், பாம்பே நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உங்கள் ஊரும் திருப்பூரும் தமிழில் ‘தி’யில்தான் தொடங்குகின்றன, ஆங்கிலத்திலோ வேறு வேறு எழுத்து. ‘சி ஃபார் கோயமுத்தூர்’ என்றால் ‘கே’ என்று எழுதிவிடுவார்கள். அந்த இடங்களில் டெல்டா, டேங்கோ, சார்லிதான் சரி.