மேசைக் காலில் சக்கரம்: எம்-சீல் வைத்தால் நிற்குமா?

கேள்வி: துணி வெட்ட 4 அடிக்கு 2½ அடியில் தேக்கு மேசை வைத்திருக்கிறேன். கால்கள் ஒன்றரை அங்குலச் சதுரம். பெருக்கித் துடைக்க நகர்த்த வசதியாக, சுழலும் சக்கரம் போடச் சொன்னேன். ஆசாரி தகடு வைத்த சக்கரங்களை ஸ்க்ரூ போட்டு மாட்டினார். ஒரே மாதத்தில் இரண்டு கழன்றுவிட்டன. ஓட்டையில் எம்-சீல் அடைத்து மறுபடி மாட்டித் தருகிறேன் என்கிறார். சரியாக வருமா?
வாசகி, ஈரோடு

பதில்: வராது. எம்-சீல் குழாய்க் கசிவுக்கு நல்ல சாமான். இங்கே அதைச் சுற்றியிருக்கும் மரமே பிடி விட்டுப் போயிருக்கிறது.

காலின் அடிப்பக்கம் மரத்தின் நார்கள் முடியும் வெட்டுமுனை. அங்கே ஸ்க்ரூ போடுவது துடைப்பக் கட்டின் அடியில் ஆணி செருகுவது மாதிரி. மேசை நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. தள்ளும்போது சக்கரம் பக்கவாட்டில் நெம்பும், ஸ்க்ரூ நாரை அறுத்துக்கொண்டு வந்துவிடும். போதாக்குறைக்கு, 2 அங்குலச் சக்கரத்தின் தகடு உங்கள் காலைவிட அகலம். ஸ்க்ரூ எல்லாம் ஓரத்தில் விழும், ஓரம் பிளக்கும். முதலில் பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபெவிகால் விட்டு, இறுக்கிக் கட்டி, ஒரு நாள் விடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது தகடு இல்லாமல், மேலே போல்ட் மாதிரி தண்டு உள்ள சக்கரம். கூடவே அந்தத் தண்டின் மரைக்குப் பொருந்தும் இன்செர்ட் நட் நான்கு; உள்ளும் வெளியும் மரை உள்ள, மரத்துக்குள் திருகி இறக்கும் நட் அது. காலின் நடுவில், செங்குத்தாக, நட்டின் வெளிமரையை விட்டுவிட்டு உள் உடம்பின் அளவுக்கு மட்டும் துளை போட வேண்டும். துளைக்குள் கொஞ்சம் அரால்டைட் தடவி நட்டைத் திருகி இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் சக்கரத்தை ஸ்பேனரால் முடுக்க வேண்டும். துளை சாய்ந்தால் சக்கரம் கடைசிவரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கண்ணளவு போதும் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சாமானை நீங்களே வாங்குங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். "நானே வாங்கி வருகிறேன்" என்று ஆசாரி சொன்னால், கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கலாம். அப்போது எது மலிவோ அது உங்கள் மேசைக்கு வரும். கடையிலும் பாடுதான். பாக்கெட்டில் விலை போடச் சட்டம் இருக்கிறது. எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பல பாக்கெட்டில் தேடினாலும் காணோம். மூட்டையிலிருந்து அள்ளி உதிரியாக விற்பதில் எதுவுமே இருக்காது. கேட்டால் "யானையே ஏறலாம்" என்பார்கள். யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் அச்சடிப்பதில்லை. தாங்கும் எடை எழுதாத சக்கரத்தை வாங்காதீர்கள்.

கணக்கு எளிது. மேசை 30 கிலோ, துணியும் இஸ்திரிப் பெட்டியும் 20, வெட்டும்போது நீங்கள் ஊன்றும் பாரம் 40 என்றால் மொத்தம் 90. இதை நான்கால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். நம் வீட்டுத் தரையில் எப்போதும் ஒரு சக்கரம் அந்தரத்தில்தான் இருக்கும். சக்கரத்துக்கு 30 கிலோ வருகிறது, 50 கிலோ தாங்குவதாக வாங்குங்கள். டைல்ஸ் தரைக்கு நைலான் வேண்டாம், சத்தமும் கீறலும். பாலியூரித்தேன் சக்கரம் கேளுங்கள்.

உயரம் இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல் கூடும். நின்று வெட்டுபவருக்கு அது லாபம், காலை வெட்டிக் குறைக்க வேண்டாம்.

ஒரு விஷயம். மேசைமேல் மோட்டார் வைத்த தையல் மெஷினை ஏற்றும் எண்ணம் இருந்தால் சக்கரமே வேண்டாம். பிரேக் போட்டால் போதும் என்பார்கள். சாதாரண பிரேக் சக்கரம் உருளுவதைத்தான் நிறுத்தும், அதன் கழுத்து சுழலுவதை நிறுத்தாது. மெஷின் அதிர அதிர கழுத்து அசையும், மேசை மெல்ல நகரும், தையல் கோணும். இரண்டையும் பூட்டும் பிரேக்கும் கிடைக்கிறது. அதை நான்கு காலிலும் போட்டாலும், அதிர்வு முழுவதும் ஒன்றரை அங்குலக் காலின் மூட்டில் போய் விழும், மூட்டு தளரும். எப்போதாவது ஒரு மணி நேரம்தான் தைப்பேன் என்றாலும் என் பதில் இதேதான். மெஷினுக்குத் தனி மேசை, சக்கரம் இல்லாமல்.

வெட்டும் மேசைக்கு இரண்டு காலில் அந்த இரட்டைப் பூட்டு பிரேக் போதும். நான்கையும் ஒரே கடையில், ஒரே மாடலாக, தரையில் நிறுத்தி உயரம் பார்த்து வாங்குங்கள். ஒன்று ஒரு நூல் கூடினாலும் மேசை ஆடும்.