குடும்பமாகக் கற்கும் கராத்தே பள்ளி: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: நான் ஷோட்டோகான் என்னும் கராத்தே பாணியில் இரண்டாம் டான் (பிளாக் பெல்ட்டில் இரண்டாம் நிலை). மும்பை செம்பூரில் இருக்கிறோம். பிள்ளைகளைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு வெளியே போன் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெற்றோரையும் உள்ளே அழைத்து, குடும்பமாகக் கற்கும் பள்ளி ஒன்று தொடங்க ஆசை. எங்கள் குடியிருப்பின் சொசைட்டி ஹால் கிடைக்கும் போலிருக்கிறது. பள்ளியின் கொள்கை என்று எதை வைப்பது? எப்படித் தொடங்குவது?

பதில்: உங்கள் பள்ளியில் அப்பாவும் அம்மாவும் யாராக இருப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிள்ளைக்குத் துணையாக வருகிறவர்கள் என்று வைத்தால், சில மாதங்களில் மறுபடியும் வெளி பெஞ்சுக்கே போய்விடுவார்கள். அவர்களும் வெள்ளை பெல்ட் கட்டி, வரிசையில் நின்று, கிரேடிங் (பெல்ட் டெஸ்ட்) கொடுக்கும் மாணவர்களாகவே சேர வேண்டும். என்னைக் கேட்டால் குடும்பப் பள்ளியின் கொள்கை இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

சொல்வது சுலபம், நடத்துவது கஷ்டம். டோஜோவில் (பயிற்சிக் கூடத்தில்) வரிசை பெல்ட்டைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது அல்ல. எட்டு வயது மகள் மஞ்சள் பெல்ட்டோடு முன்னால் நிற்பாள். வெள்ளை பெல்ட் கட்டிய அப்பா அவளுக்குப் பின்னால் நிற்பார். நம் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. சங்கடமாக இருக்குமே என்று பெற்றோருக்குத் தனி வரிசை போட்டுவிடாதீர்கள். தன் அப்பாவும் தடுமாறுகிறார், தப்பாகத் திரும்புகிறார், திட்டு வாங்காமல் மறுபடி செய்கிறார் என்று ஒரு குழந்தை கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக எந்த அறிவுரையும் கிடையாது.

இதற்கு ஒரே ஒரு விதி போதும்: பயிற்சி விரிப்பில் (மேட்) கால் வைத்தபின் பெற்றோர் தன் பிள்ளையைத் திருத்தக் கூடாது. “முட்டியை மடக்குடா” என்று வாய் வரை வரும். அது உங்கள் வேலை, அவர்கள் வேலை இல்லை. முதல் வகுப்புக்கு முன்பே பெரியவர்களைத் தனியாக உட்கார வைத்து இதைச் சொல்லிவிடுங்கள். தம்பி அண்ணனை முந்திவிடும் வீடும் வரும். அங்கே இரண்டு பேரையும் ஒப்பிட்டு ஒரு வார்த்தைகூட வரக் கூடாது, உங்களிடமிருந்தும்தான்.

இது உங்கள் பாணிக்கு அந்நியமான யோசனை இல்லை. ஓகினாவாவில் இட்டோசு அன்கோ 1900களின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். மாணவர்களுக்காகவே ஐந்து பினான் கட்டாக்களை (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர்களை) அமைத்தார். நீங்கள் ஹெயான் என்று கற்றவை அவைதான். அவரிடம் கற்று, பின்னர் உங்கள் ஷோட்டோகானுக்கு வழிவகுத்த ஃபுனகோஷி கிச்சின் (1868–1957) தொழிலால் பள்ளி ஆசிரியர். 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டியபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ‘இந்த வயசுக்கு மேலயா?’ என்று தயங்கும் அம்மாக்களிடம் இதைச் சொல்லுங்கள். அவருடைய இருபது நெறிகளில் ஒன்று, கராத்தே கொதிநீர் போன்றது, தொடர்ந்து சூடேற்றாவிட்டால் ஆறிவிடும் என்கிறது. வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து கற்றால் ஒருவர் சோர்ந்தாலும் இன்னொருவர் கிளப்பிவிடுவார். குடும்ப வகுப்பின் பெரிய லாபம் இது.

கொள்கை வாசகம் என்று புதிதாக எழுத வேண்டாம். நீங்கள் வகுப்பில் சொல்லி வளர்ந்த டோஜோ குன் என்ற உறுதிமொழியின் ஐந்து வரிகளே போதும்: குணத்தைச் செம்மையாக்கு, உண்மையாக இரு, முயற்சியை விடாதே, பிறரை மதி, முரட்டுத்தனத்தை அடக்கு. ஜப்பானிய மொழியில் சொன்ன பிறகு தமிழிலும் சொல்ல வையுங்கள். இந்தி, மராத்தி பேசும் குடும்பங்கள் வந்தால் அவர்கள் மொழியிலும். வீட்டில் மட்டும் தமிழ் பேசும் மும்பைப் பிள்ளைகளுக்கு, வெளியிலும் நாலு பேரோடு சேர்ந்து தமிழில் சொல்ல ஓர் இடம் கிடைப்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த விஷயம்.

வகுப்பில் கிஹோனும் (அடிப்படைப் பயிற்சி) கட்டாவும் எல்லோருக்கும் சேர்த்து, குமித்தே (ஜோடியாக மோதும் பயிற்சி) வயதுவாரியாகப் பிரித்து. முதல் கட்டாவான ஹெயான் ஷோதானில் 21 அசைவுகள். பத்து வயதுப் பையனும் அவன் அம்மாவும் ஒன்றாகக் கற்கலாம். ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்களை மட்டும் அரை மணி நேரத்தோடு விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தலையில் படும் அடி எந்த அளவிலும் வேண்டாம். முஷ்டியில் தண்டால், ஓடு உடைப்பது இதெல்லாமும் வேண்டாம். நாற்பது தாண்டியவர்களிடம் முட்டிவலி, ரத்த அழுத்தம் பற்றிக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஸென்குட்ஸு தாச்சியில் (முன்கால் முட்டியை மடக்கி நிற்கும் நிலை) சில மாதங்கள் உயரமாகவே நிற்கட்டும்.

குழந்தைகள் இருக்கும் இடம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஹாலில் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்க வேண்டும், ஒரு குழந்தைக்குத் தனி வகுப்பு கிடையாது. தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்டுவிட்டுத் தொடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டத்தைப் பற்றி உதவிப் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் முதல் வாரமே எடுத்துச் சொல்லுங்கள்.

ஹாலுக்கு சொசைட்டி கமிட்டியின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கியாய் (அடிக்கும்போது எழுப்பும் குரல்) சத்தம் பற்றி மேல் மாடிக்காரர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். ஒருவருக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் வேண்டும் என்று வைத்தால், 8 மீட்டர் சதுரத்தில் 16 பேர் பயிற்சி செய்யலாம். அதற்கு மேல் சேர்ந்தால் இன்னொரு பேட்ச் போடுங்கள். மழைக்காலத்தில் மொசைக் தரை வழுக்கும். இணைக்கும் மேட்டுகளும் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவற்றைப் பிரித்துக் காயவைத்தே ஆக வேண்டும். வார நாள் மாலையில் அப்பாக்கள் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். சனி மாலை, ஞாயிறு காலை என்று வையுங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்தால், மகாராஷ்டிராவின் 2017 கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் தகவல் கொடுத்தால் போதும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. இருந்தாலும் ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கட்டணத்தைக் குடும்பத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். மூன்றாவது ஆளிலிருந்து பாதி என்றால் பாட்டிகூட வருவார். பெல்ட் டெஸ்ட்டை வருமானமாக நினைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைக்காதீர்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாலு கிரேடிங் கட்டணம் என்பது பெரிய சுமை, குடும்பங்கள் நின்றுபோவது பல நேரம் அங்கேதான். ஃபுனகோஷி முதல் பிளாக் பெல்ட்களைக் கொடுத்தது 1924இல்தான்; அதற்கு முன் பெல்ட் இல்லாமலே கராத்தே வளர்ந்தது. தயாரானவரை மட்டும் டெஸ்ட்டுக்கு அனுப்புங்கள், முழுச் செலவையும் சேரும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

விளம்பரம் இப்போதைக்கு வேண்டாம். தெரிந்த ஐந்து குடும்பங்களோடு ஆரம்பியுங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் வரிசையில் நிறுத்துங்கள். அவர் ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் நேரமும் பாடத்திட்டமும் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த பேட்ச்சைத் திறக்கலாம்.